கணக்கில் வாராத ஜனங்கள்

கல்வராயன் மலைக் கிராமங்களிலிருந்தும் கிழக்கேயுள்ள மானாவாரிப் பிரதேசத்திலிருந்தும் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, எலவனாசூர்கோட்டை வழியே உளுந்தூர்ப்பேட்டை சென்று பஸ் ஏறி, சென்னையில் சென்ட்ரிங் வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் அமர்கிற குடும்பங்களின் பெயர் ஊர் ரேஷன் கடையில் இருக்க, அவர்களோ வருஷத்தில் பல மாதங்கள் நகரத்துத் தகரக் கொட்டகைகளில் வாழ்கிறார்கள். வடமாநிலங்களிலிருந்து அதே கொட்டகைகளுக்கு வந்து சேர்கிறவர்களின் நிலையும் இதுவே. நகரத்தின் எந்தப் பதிவிலும் இல்லாத இவர்கள் எத்தனை பேர், எங்கெங்கே இருக்கிறார்கள் என்பதை அனுமானிக்க வழி உண்டா?

உண்டு என்று கணிதபூர்வமாகக் காட்டியவர்களுள் முக்கியமானவர் சிதம்பர சந்திரசேகரன். பிற்காலத்தில் ஜப்பானியத் தொழிற்சாலைகள் ஆசானாகப் போற்றிய எட்வர்ட்ஸ் டெமிங்குடன் சேர்ந்து 1949-இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சியில், கல்கத்தாவை அடுத்த சிங்கூர் சுகாதார நிலையப் பகுதியில் நேர்ந்த பிறப்பு இறப்புகளை, ரிஜிஸ்திரார் வைத்திருந்த ஜாபிதாவோடு வீடுவீடாக விசாரித்து எழுதிய வேறொரு ஜாபிதாவை ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டிலுமே விடுபட்டவை எவ்வளவு என்று மதிப்பிட்டார்கள்.

இதே முறையால் ஆட்களையும் எண்ணலாம். ஒரு கட்டட வளாகத்தில் மேஸ்திரியின் ஆஜர் புத்தகத்தில் 300 பேர், சுகாதார ஊழியர் கொட்டகை கொட்டகையாகச் சென்று எழுதியதில் 400 பேர், இரண்டிலும் உள்ளவர் 200 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் கண்ட 400 பேரில் பாதிப் பேரே ஆஜர் புத்தகத்தில் இருப்பதால், அப்புத்தகம் மொத்த ஜனங்களில் பாதியையே பிடித்திருக்கிறது. ஆகவே மொத்தம் 600. பெயர் தெரிந்தவர்கள் 500 பேரே. எஞ்சிய 100 பேரை எவரும் பார்க்கவில்லை; ஆயினும் அவர்கள் இருக்கிறார்கள்!

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: இரு ஜாபிதாக்களும் ஒன்றையொன்று சாராதிருக்க வேண்டும். மேஸ்திரியின் புத்தகத்தில் ஏறாத நிறைமாத கர்ப்பிணி, வெளியேற்றிவிடுவார்களோ என்னும் பயத்தால் சுகாதார ஊழியரைக் கண்டும் கதவை அடைத்துக்கொள்வாளானால், கணக்கு உண்மைக்குக் குறைவாகவே நிற்கும். அதனால்தான் வயது, பால், பகுதி என்று ஒத்த இயல்புடைய சிறு குழுக்களாகப் பிரித்து மதிப்பிடுவது அவசியமாகிறது.

மத்திய அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை வேறொரு மார்க்கத்தில் சென்றது. முன்பதிவில்லாத ரயில் டிக்கெட்டுகளின் போக்குவரத்தைக் கொண்டு, 2011 முதல் 2016 வரை மாநிலம் விட்டு மாநிலம் பெயர்ந்தவர்கள் வருஷத்துக்குச் சுமார் 90 லட்சம் என்று அது அனுமானித்தது. ஆனால், உளுந்தூர்ப்பேட்டையில் பஸ் ஏறுகிறவர் அக்கணக்கில் சேரமாட்டார்.

எண்ணிக்கையை வரைபடத்தில் ஏற்றும்போது பொறுப்பு இன்னும் அதிகமாகிறது. அங்கன்வாடியும் தடுப்பூசியும் எவ்விடத்தில் தேவை என்று காட்டுகிற அதே புள்ளி, கொட்டகையைக் காலி செய்விக்க வருகிறவருக்கும் வழிகாட்டும். ஆகையால் வரைபடம் வார்டு அளவோடு நிற்க வேண்டும். ஒப்பிடுவதற்காகத் திரட்டிய பெயர்களை, ஒப்பீடு முடிந்த அன்றே அழித்துவிட வேண்டும்.