‘ம்வா’ என்று முனகும் கிட்டார்: ஃப்ரெட்டைப் பிடுங்கிய பிறகு ஜாக்கோ செய்த வேலை!

முதலில் ஒரு சின்ன வேண்டுகோள். இதைப் படித்துவிட்டு ஜாக்கோ பாஸ்டோரியஸ் என்று யூடியூபில் தேடப் போகிறீர்கள் என்றால், ஹெட்போனை மாட்டிக்கொள்ளுங்கள். நாலு கம்பி பேஸ் கிட்டாரில் தடித்த கம்பியின் அடிநாதம் நொடிக்குச் சுமார் 41 அதிர்வுகள். போனின் குட்டி ஸ்பீக்கருக்கு அது எட்டாத ஆழம். ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு, ‘இதுல என்ன இருக்கு?’ என்று கேட்டால் ஜாக்கோ பாவம்.

கேட்க வேண்டிய பாட்டு, வெதர் ரிப்போர்ட் குழுவின் ‘எ ரிமார்க் யூ மேட்’. 1977-ல் வந்த ‘ஹெவி வெதர்’ ஆல்பத்தில் இருக்கிறது. சாக்ஸபோனுக்கும் கீபோர்டுக்கும் நடுவில் ஆண் குரல் போல ஒன்று வழுக்கிக்கொண்டு போகும். வார்த்தை இல்லை, ஆனால் யாரோ பேசுவது போலவே இருக்கும். அது குரல் அல்ல. ஃப்ரெட் இல்லாத பேஸ் கிட்டார்.

ஃப்ரெட் என்றால்? வீணையில் மெட்டு இருக்கிறதே, அதன் வேலைதான். கிட்டாரின் கழுத்துப் பலகையில் குறுக்கே பதித்திருக்கும் மெல்லிய உலோகப் பட்டைகள். நீங்கள் பட்டைக்குக் கொஞ்சம் பின்னால் எங்கே அழுத்தினாலும் கம்பி போய்ப் படுவது உலோகத்தில்தான். ஸ்வரத்தை முடிவு செய்வது அந்த உலோகம். ஃப்ரெட்லெஸ் பேஸில் அந்தப் பட்டைகள் கிடையாது. வயலின் மாதிரி, வெறும் மரம். விரல் எங்கே நிற்கிறதோ அதுதான் ஸ்வரம். சரியாக நின்றால் உங்களுக்குப் பெருமை, பிசகினால் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தலைவலி.

இதை ஜாக்கோ கண்டுபிடிக்கவில்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பில் வைமன், 1961 வாக்கில் ஒரு மலிவான பேஸை வாங்கி, தேய்ந்த ஃப்ரெட்டுகளைப் பிடுங்கினார். புதிதாகப் போடலாம் என்றுதான் எண்ணம். பிடுங்கியபின் வந்த சத்தம் பிடித்துப்போய் அப்படியே விட்டுவிட்டார். 1966-ல் ஆம்பெக் நிறுவனமும் 1970-ல் ஃபெண்டர் நிறுவனமும் ஃப்ரெட் இல்லாமலே பேஸ் கிட்டார் செய்து விற்க ஆரம்பித்தன. ஆக, கருவி கடையில் இருந்தது. ஆனால் அந்தக் ‘குரல்’ இன்னும் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதுதான் விஷயமே. உலோகப் பட்டையில் கம்பி பட்டால் ‘டங்’ என்று கூர்மையான சத்தம். பட்டையை எடுத்துவிட்டால் கம்பியின் ஒரு முனை விரல் சதையிலும் மரத்திலும் போய் முடிகிறது. சதை அதிர்வை உறிஞ்சிக்கொள்ளும். மேல் ஸ்தாயி மினுமினுப்பு போய்விடும். கிடைப்பது ஒரு மந்தமான ‘தும்’. பஞ்சால் சுற்றின மாதிரி. பலருக்கு அதுவே போதுமாக இருந்தது. பழைய டபுள் பேஸை ஞாபகப்படுத்தும் வட்டமான சத்தம் என்று திருப்திப்பட்டார்கள்.

ஜாக்கோவுக்குப் போதவில்லை.

1951-ல் பென்சில்வேனியாவில் பிறந்து, ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில் வளர்ந்தவர். முதலில் டிரம்ஸ்தான் வாசித்தார். அமெரிக்கக் கால்பந்து விளையாடியபோது மணிக்கட்டில் அடிபட, பேஸ் பக்கம் வந்தார். அவர் கையில் இருந்தது 1962 மாடல் ஃபெண்டர் ஜாஸ் பேஸ். ஃப்ரெட்டுகளை வெண்ணெய் தடவும் கத்தியால் தானே நெம்பி எடுத்தார் என்று ஒரு கதை. வாங்கும்போதே ஃப்ரெட் இல்லை என்று இன்னொரு கதை. எதுவானாலும், அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். பள்ளங்களை மரப்பசை வைத்து அடைத்து, பலகை முழுக்கப் படகுக்குப் பூசும் எபாக்ஸியைப் பல பூச்சு பூசினார். ஃபோர்ட் லாடர்டேல் கால்வாயும் படகுமாக இருக்கும் ஊர். படகுப் பூச்சு கிடைப்பதில் என்ன கஷ்டம்!

எபாக்ஸி எதற்கு? அவர் போட்டிருந்தது ரவுண்ட்வுண்ட் கம்பி. வெளியே வட்டக் கம்பி சுற்றிய, தொட்டால் சொரசொரக்கும் ரகம். சத்தம் பளிச்சென்று வரும். ஆனால் அரம் மாதிரி மரத்தை அறுத்துவிடும். வழவழப்பான ஃப்ளாட்வுண்ட் கம்பி போட்டால் மரம் பிழைக்கும், சத்தம் மங்கும். ஜாக்கோவுக்குப் பளிச்சும் வேண்டும், பலகையும் வேண்டும். கடினமான எபாக்ஸி இரண்டையும் கொடுத்தது. கூடவே, கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பின் ஒலியைக் குறைத்துவிட்டு, பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பையே பெரும்பாலும் நம்பினார். வலது கையால் மீட்டுவதும் அதன் அருகில்தான். பிரிட்ஜை நெருங்க நெருங்க, சத்தம் இறுகும், மூக்கால் பேசுவது போல ஒரு கூர்மை ஏறும்.

யோசித்துப் பாருங்கள். ஃப்ரெட்டை எடுத்ததும் போன கூர்மையை, கம்பி, பூச்சு, பிக்கப், மீட்டும் இடம் என்று நாலு வழியில் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார். ஃப்ரெட்லெஸ் என்றால் மென்மை என்று நினைத்து டோன் குமிழை முழுக்கக் குறைத்துவிடும் பலர் கோட்டைவிடுவது இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தம்புராவுக்குச் சொந்தக்காரன்

இப்போது அந்த ‘ம்வா’. மீட்டியதும் வாயை மூடிக்கொண்டு ‘ம்’ என்று தொடங்கி, ‘வா’ என்று திறக்கும் அந்தச் சத்தத்தை உலகம் முழுக்க பேஸ் வாசிப்பவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். அழுத்திய விரலுக்கு முன்னால் கம்பி பலகையை ஒட்டியே கிளம்புகிறது. அதிரும்போது பலகையை லேசாக உரசி உரசி விலகுகிறது. அந்த உரசலில்தான் மேல் ஒலிகள் பூக்கின்றன.

நமக்கு இது புதிதல்ல. தம்புராவில் பிரிட்ஜ் மேல் கம்பிக்கு அடியில் ஒரு நூலைச் செருகி, முன்னும் பின்னும் நகர்த்தி ‘ஜீவா’ பிடிப்பார்களே, அங்கேயும் இதே உரசல்தான். 1921-ல் சி.வி.ராமன் தம்புரா, வீணையின் பிரிட்ஜ் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதினார். கம்பியை மீட்டும் இடத்தைப் பொறுத்து சில மேல் ஒலிகள் எழவே கூடாது என்பது பழைய விதி. தம்புராவில் அவை எழுகின்றன, காரணம் அந்த வளைந்த பிரிட்ஜ் என்று காட்டினார். தம்புராவில் நூல் செய்யும் வேலையை ஃப்ரெட்லெஸ் பேஸில் பலகையும் விரலும் சேர்ந்து செய்கின்றன.

அதனால் செட்டிங்கும் அதற்கேற்ப இருக்க வேண்டும். கம்பி பலகைக்குத் தாழ்வாக, கழுத்து கிட்டத்தட்ட நேராக. உயரமாக இருந்தால் உரசல் இருக்காது, ‘ம்வா’வும் வராது. ரொம்பத் தாழ்த்தினால் வெறும் கரகரப்பு. நடுவில் ஒரு மயிரிழை இடம் இருக்கிறது, அதைக் கருவி வைத்தியரும் நீங்களும் உட்கார்ந்து தேட வேண்டியதுதான்.

விரல் எங்கே?

பேஸ் கம்பியின் அதிரும் நீளம் வழக்கமாக 34 அங்குலம். கழுத்தின் தொடக்கத்தில் ஓர் அரை ஸ்வரத்துக்குக் கிடைக்கும் இடம் சுமார் 48 மில்லிமீட்டர். கம்பியின் பாதி வரை ஏறிவிட்டால் அதே அரை ஸ்வரத்துக்குச் சுமார் 24 மில்லிமீட்டர்தான். கீழே மன்னிக்கப்படும் ஒரு பிசகு, மேலே இரண்டு மடங்காகக் காதில் குத்தும். ஃப்ரெட் பேஸில் பழகியவர்களுக்கு இன்னொரு சிக்கல்: பட்டைக்குப் பின்னால் அழுத்திய பழக்கம். இங்கே பட்டை இருந்திருக்க வேண்டிய கோட்டின் மேலேயே விரல் நிற்க வேண்டும். சில கருவிகளில் அந்த இடங்களில் கோடு போட்டுத் தருவார்கள். தப்பே இல்லை, ஜாக்கோவின் பேஸிலும் அடைத்த பள்ளங்கள் கோடாகத் தெரிந்தன. ஆனால் மேலிருந்து சாய்வாகப் பார்க்கும்போது கோடு கண்ணை ஏமாற்றும்.

விரலை ஆட்டுவதும் வேறு. ராக் கிட்டார் போலக் கம்பியைக் குறுக்கே இழுக்கக் கூடாது. வயலின்காரர் போலக் கம்பியின் நீளவாக்கில் உருட்ட வேண்டும், அதுவும் சரியான ஸ்வரத்தில் நின்றபிறகு. தேடுவதை மறைக்க ஆட்டினால் கேட்பவருக்குத் தெரிந்துவிடும். 80-களில் ஃப்ரெட்லெஸ் பேஸோடு கோரஸ் பெடலை ஒட்டவைத்தே பதிவு செய்வது ஒரு மோஸ்தராக இருந்தது. அழகுதான். ஆனால் சுருதிப் பிசகைப் பூசி மெழுகவும் அது கெட்டிக்காரன். பழகும்போது கழற்றி வைப்பதே நல்லது.

பெடல், ஆம்ப், கம்பி என்று கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஜாக்கோவின் கருவிக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொள்வது நல்லது. 1982-ல் அவருக்கு இருதுருவ மனநோய் இருப்பது கண்டறியப்பட்டது. பிந்தைய ஆண்டுகளில் நியூயார்க் தெருக்களில் வீடில்லாமல் திரிந்தார். அந்த பேஸ் உடைந்து துண்டுகளாகி, திரும்ப ஒட்டப்பட்டது. 1986-ல் நியூயார்க்கில் தொலைந்தும் போனது. அடுத்த வருடம் செப்டம்பரில், ஃப்ளோரிடாவில் ஒரு கிளப் வாசலில் அடிபட்டு, கோமாவில் கிடந்து, 21-ம் தேதி இறந்தார். வயது 35. சுமார் இருபது ஆண்டுகள் கழித்துக் கருவி நியூயார்க்கில் தலைகாட்டியது. மெட்டாலிகாவின் ராபர்ட் ட்ருஹியோ பணம் கொடுத்து மீட்க உதவினார். இடைப்பட்ட காலத்தில் அந்தச் சத்தத்தைத் துரத்திய எத்தனையோ பேரிடம் அந்தக் கருவி இல்லை.

உங்களிடம் ஒரு ஃப்ரெட்லெஸ் இருந்தால், இன்று இரவே செய்ய ஒரு பயிற்சி. எல்லாவற்றையும்விடத் தடித்த ஈ கம்பியின் ஐந்தாவது இடமும், அடுத்த ஏ கம்பியை வெறுமனே மீட்டுவதும் ஒரே ஸ்வரம். இரண்டையும் சேர்த்து மீட்டுங்கள். விரல் பிசகி இருந்தால் ‘வவ்-வவ்-வவ்’ என்று ஓர் அலை கேட்கும். விரலை மயிரிழை மயிரிழையாக உருட்டினால் அலை மெதுவாகும், பிறகு நின்றுவிடும். நின்ற இடத்தில் விரலை எடுக்காமல், கோடு எங்கே இருக்கிறது என்று குனிந்து பாருங்கள்.