மழலையர் நோயும் மரபுக் குறையும்

மனித உடலுக்குள் இறைவன் அமைத்திருக்கும் காவல் வியத்தற்குரியது. குருதியிலுள்ள வெள்ளணுக்களும் அவை ஆக்கும் எதிர்ப்பொருள்களும் கிருமிகளை இரவுபகலாக எதிர்த்து நிற்கின்றன. இக்காவலின் ஒரு பகுதி பிறவியிலேயே அமையாத குழந்தைகளும் உளர். அவர்தம் நோயைக் கண்ணேறு என்றும் சவலை என்றும் கூறி நாம் காலம் போக்கிவிடுகிறோம்.

1952ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன், அடிக்கடி நிமோனியாவுக்கு ஆளான எட்டு வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். அவன் குருதியில் காமா குளோபுலின் என்னும் எதிர்ப்பொருட் பகுதியே காணப்படவில்லை. அதனை ஊசிவழிச் செலுத்தியபின் தொற்றுகள் அடங்கின. இக்குறைக்குரிய மரபணு 1993இல் கண்டறியப்பட்டது. இன்று 450க்கும் மேற்பட்ட பிறவிக் குறைகள் அறியப்பட்டுள்ளன.

சளியும் காய்ச்சலும் எல்லாக் குழந்தைகளுக்கும் வருவனவே. எக்கிருமி, எவ்விடத்தில், எத்தனை முறை என்பனவே மருத்துவர்க்குத் துப்புகள். மீண்டும் மீண்டும் நிமோனியா வரின் எதிர்ப்பொருட் குறையை ஐயுறலாம். கல்லீரலில் சீழ்க்கட்டியோ நுரையீரலில் பூஞ்சையோ தோன்றின், கிருமியை விழுங்கியும் கொல்லவியலாத வெள்ளணுக்களை ஐயுறலாம். பிறந்தவுடன் இடப்படும் பி.சி.ஜி. தடுப்பூசியின் கிருமியே உடலெங்கும் பரவுதல் பேரெச்சரிக்கையாகும். முதலில் வெள்ளணுக்களை வகைபிரித்து எண்ணுவர். எய்ட்ஸ் கிருமி இல்லையென உறுதி செய்வர். பின்னர் எதிர்ப்பொருள்களின் அளவையும் வெள்ளணுக்களின் திறனையும் ஆய்வர். நிறைவாக மரபணுவைச் சோதிப்பர்.

இக்குறைகளுட் பல, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்து சேர்ந்தால் வெளிப்படுவன. அத்தகைய பெற்றோர்க்கு ஒவ்வொரு மகப்பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு அபாயம் உண்டு. நெருங்கிய உறவில் மணம் முடிக்கையில் இருவரும் ஒரே பழுதைச் சுமந்திருக்கும் வாய்ப்பு மிகுதி. மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பது நம்மிடையே வழக்கம். மார்க்கம் அதனை அனுமதித்துள்ளதேயன்றிக் கட்டாயமாக்கவில்லை. உறவு மணத்தில் பிறக்கும் குழந்தைகளுட் பெரும்பாலோர் நலமுடையோரே. எனினும், தொற்றினால் மழலையை இழந்த குடும்பத்தார் அச்செய்தியை மருத்துவரிடம் மறைத்தலாகாது. அடுத்த குழந்தைக்குப் பி.சி.ஜி. இடுமுன் அவர்தம் அறிவுரையைப் பெறுதல் வேண்டும். பழியைத் தாயின்மேல் மட்டும் சுமத்துவது அறியாமை, அறமுமன்று.

1968 முதல் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை இத்தகைய குழந்தைகள் சிலரை மீட்டு வருகிறது. கடுந்தொற்று உடலை அழிக்குமுன் செய்யின் அதன் பயன் மிகுதி. நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். ஆதலின், விதியென்று வாளாவிராமல் உரிய காலத்தில் சோதிப்பதும் நம் கடமையே.