அப்டேட் விழுங்கிய கோப்புகள்

2018 அக்டோபர் 2 அன்று விண்டோஸ் 10-க்கான பெரிய அப்டேட் ஒன்றை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. நிறுவி முடித்த சிலருக்குக் கணினி ஒழுங்காகத்தான் ஓடியது. ஆனால் டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களில் இருந்தவற்றைக் காணவில்லை. சில நாட்களிலேயே நிறுவனம் அப்டேட்டை நிறுத்திவைத்தது.

காரணம் வேடிக்கையானது. இடம் போதாமல் அந்த ஃபோல்டர்களை வேறு டிரைவுக்கு மாற்றியிருந்தவர்கள், பழைய இடத்தில் அதே பெயரில் காலி ஃபோல்டர் தங்கிவிடுவதாக முன்பே புகார் செய்திருந்தார்கள். அதைத் துடைத்தெடுக்க இந்த அப்டேட்டில் வழி செய்யப்பட்டது. ஃபோல்டர் உண்மையிலேயே காலிதானா என்று மட்டும் அது பார்க்கவில்லை. சோதனைப் பதிப்பை ஓட்டிப் பார்த்த சிலர் எச்சரித்தும், அது புகார்க் குவியலில் அமுங்கிப்போனது. பாதிக்கப்பட்டோர் மிகச் சிலரே என்றது மைக்ரோசாஃப்ட். அந்தச் சிலரில் ஒருவராக இருந்தால் இந்தக் கணக்கில் என்ன ஆறுதல்?

'ரீஸ்டோர் பாயிண்ட் இருக்கிறதே' என்பார்கள். அது விண்டோஸின் அமைப்புகளையும் டிரைவர்களையும் பின்னுக்குக் கொண்டுபோகுமே தவிர, அழிந்த புகைப்படத்தை மீட்காது. சி டிரைவில் இருப்பதை டி டிரைவில் நகலெடுப்பதும் அப்படித்தான். பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் இரண்டும் ஒரே டிஸ்க்கின் பாகங்கள், போனால் சேர்ந்தே போகும். அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 கணக்கு எளிது: மொத்தம் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில்.

பேக்கப் எடுத்தாயிற்று என்று நம்பி இருப்பது இன்னொரு ஆபத்து. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், வேறொரு சர்வர் என்று நினைத்து, முதன்மைத் தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால் அது இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. மென்பொருள் பதிப்புகள் பொருந்தாததால் வேலை தோற்றுக்கொண்டே வந்திருக்கிறது. அதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. சுமார் ஆறு மணி நேரம் முன்பு வேறொரு வேலைக்காகத் தற்செயலாக எடுத்த நகல்தான் காப்பாற்றியது. பேக்கப் உண்மையில் இருக்கிறதா என்று வீட்டில் சோதிக்க ஐந்து நிமிடம் போதும்: பேக்கப்பிலிருந்து நாலைந்து கோப்புகளை வேறொரு கணினியில் திறந்து பார்க்கலாம்.

சென்னை ரிச்சி தெருவில் ராமோ எஸ்எஸ்டியோ வாங்கிவந்து தாமே மாட்டுகிறவர்கள் இதன் பிறகு திருப்புளியை எடுக்கலாம். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயங்கும் கணினியானால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தனியே எழுதிவைக்க வேண்டும். பாகம் மாறியதும் கணினி அதைக் கேட்கக்கூடும். பிளக்கைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தினால் மிச்ச மின்சாரம் வடியும். பிறகு கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட வேண்டும். உடலில் சேரும் நிலைமின்சாரம் 3,000 வோல்ட் அளவை நெருங்கினால்தான் நமக்குச் சுரீரென்று உறைக்கும். சிப் கெட்டுப்போக அதில் சிறு பங்கே போதும். ராம் ஸ்லாட்டில் உட்காராவிட்டால் பலமாக அழுத்தக் கூடாது. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் நடுவெட்டு இருக்கும் இடம் வேறு. ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது நுழையாது.

புது எஸ்எஸ்டிக்கு எல்லாவற்றையும் மாற்றியதும், பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்து பென் டிரைவ் போலப் பயன்படுத்தப் பலருக்கும் கை துறுதுறுக்கும். சில வாரங்களாவது அதைத் தொடாமல் அலமாரியில் வைத்திருப்பது நல்லது. வருமான வரிக்கான மென்பொருளோ, பழைய பிரிண்டரின் டிரைவரோ விடுபட்டிருப்பது அதற்குள் தெரிந்துவிடும்.