ஸ்பார்க் பிளக்: கெட்டுப்போறதுக்கு முன்னாடியே ஏன் மாத்தணும்?

வீடு மாத்துறப்போ நாம கூப்பிடுற குட்டி யானை தெரியும்ல? திண்டுக்கல்லில் நல்லா ஓடுற அதே வண்டி, மளிகைச் சாமான் ஏத்திக்கிட்டு சிறுமலையோட 18 கொண்டை ஊசி வளைவுகள்ல ஏறும்போது திணறுது. ஏன்?

2005-ல் டாடா ஏஸ் வந்தப்போ டீசல்தான். டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அழுத்தப்பட்ட காற்றோட சூட்டிலேயே டீசல் பத்திக்கும். பின்னாடி வந்த பெட்ரோல், சிஎன்ஜி வண்டிகளுக்குத்தான் இந்தப் பேச்சு.

பொறி விழ விழ பிளக் முனை தேயும், இடைவெளி கூடும். அதைத் தாண்டிப் பொறி பறக்க அதிக வோல்டேஜ் வேணும். சிஎன்ஜிக்கு இன்னும் அதிகம். மேட்டுல பாரம் இழுக்கும்போது சிலிண்டருக்குள்ள அழுத்தமும் ஏறும். தேஞ்ச பிளக் அங்கதான் கைவிடும்.

அப்படியே ஓட்டினா இக்னிஷன் காயில் போகலாம். எரியாத எரிபொருள் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும். பிளக் செலவு சில நூறு; இதெல்லாம் ஆயிரக்கணக்கில். வாடகைக்கு ஓட்டுறவருக்கு வண்டி நின்னா அன்னைக்கு வருமானமும் இல்லை.

அதனால, மலையும் பாரமுமா ஓடுற வண்டிக்கு, கையேட்டில் போட்டிருக்கிற கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்னாடியே மாத்திடுங்க. இன்ஜின் ஆறினதும், முதல்ல கையால திருகுங்க. மரை போச்சுன்னா, மிச்சம் பிடிச்ச காசும் போச்சு!