ஒரு பந்திக்குள் அடங்காத கிராமம்

மாங்குளம் சந்தியிலே கண்டி வீதியை விட்டுக் கிழக்கே திரும்பினால் முல்லைத்தீவு வீதி. அவ்வழியே ஒட்டுசுட்டானை அடைந்து, அயலிலுள்ள கற்சிலைமடுவுக்குச் செல்வோர் அங்கு ஆங்கிலேயர் நாட்டிய கல்லைப் பற்றிக் கேள்விப்படாமல் திரும்புவதில்லை. 1803ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி, இவ்விடத்துக்கு அண்மையில், கப்டன் வொன் டிறிபேர்க் பண்டார வன்னியனைத் தோற்கடித்தான் என்பதே அதிற் பொறித்த செய்தி. ஒரே வாக்கியம். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் முல்லைத்தீவுக் கோட்டையிலிருந்த ஆங்கிலேயப் படையை அந்த வன்னியன் விரட்டியடித்தான் என்பது அக்கல்லில் இல்லை. அவனோடு நின்றவர்கள் யாவர், எந்தக் குளத்தின் கீழ் விதைத்தவர்கள் என்பதும் இல்லை. வென்றவன் எழுதுங்கால் தோற்றவனுக்கு ஒரு வாக்கியமே போதுமாகிவிடுகிறது.

இக்கல்லை எனக்கு நினைவூட்டியது ஓர் ஆபிரிக்க நாவல். நைஜீரியாவின் இக்போ மக்களிடையே, ஒகிடி என்னும் ஊரில், 1930ஆம் ஆண்டு பிறந்த சினுவா அச்செபே 1958இல் வெளியிட்ட முதல் நாவல் அது. நம்மவரான என். கே. மகாலிங்கம் அதனைச் 'சிதைவுகள்' என்ற பெயரில் தமிழாக்கியிருக்கிறார். ஆங்கிலப் பிரதி ஒன்றும் தமிழ்ப் பிரதி ஒன்றும் என் கையில் உண்டு. ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற பின், சனிக்கிழமைகளில் என் வீட்டு விறாந்தையில் உயர்தர வகுப்பு மாணவர் ஐவரோடு அதனைப் படித்து வருகிறேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உமுவோபியா என்னும் ஊரிலே ஒக்கோங்வோ பேர்பெற்ற மல்லன், உழைப்பாளி. கடனாளியாக இறந்த தந்தையைப் போலத் தானும் ஆகிவிடுவேனோ என்ற அச்சமே அவனை ஆட்டிவைக்கிறது. கைபிசகிய துப்பாக்கிச் சூட்டினால் ஓர் இளைஞன் இறக்க, ஊர் வழக்கப்படி ஏழாண்டு தாயின் ஊரில் வாழ்கிறான். திரும்பி வரும்போது தேவாலயமும் வெள்ளைக்காரனின் நீதிமன்றமும் ஊருக்குள் நிலைபெற்றுவிட்டன. இறுதியில் நீதிமன்ற ஏவலாளன் ஒருவனை வெட்டுகிறான். ஊர் தன்னோடு எழவில்லை என்று கண்டு தூக்கிட்டு மாய்கிறான். கடைசிப் பக்கத்தில் அங்கு வரும் மாவட்ட ஆணையாளன், தான் எழுதவிருக்கும் நூலில் இவன் கதைக்கு ஒரு பந்தி ஒதுக்கலாம் என எண்ணிக்கொள்கிறான். வாசகனோ இருபத்தைந்து அத்தியாயங்களில் அம்மனிதனோடு வாழ்ந்துவிட்டு வந்திருக்கிறான். அந்தப் பந்தியின் சிறுமை அவனுக்கு உடனே விளங்கிவிடுகிறது.

நம் வன்னிக்கும் அத்தகைய நூல் ஒன்று உண்டு. இங்கே ஆட்சிப் பணி புரிந்த ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கிலேயர் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கையேடு அது. லூயிசை நாவலின் ஆணையாளனோடு ஒரே தட்டில் நிறுப்பது அநீதியாகும். அவர் தேடித் தொகுத்தவர். அவர் எழுதி வையாவிட்டால் நாம் இழந்திருக்கக்கூடிய செய்திகள் பல. இன்றும் வன்னியின் வரலாற்றை எழுதப் புகுவோர் அந்நூலைப் புரட்டாமல் இருப்பதில்லை. ஆயினும் அது கந்தோரில் இருந்து கண்ட வன்னி. குளத்தைக் கண்டவர், குளக்கட்டு உடையுமோ என்று மாரி இரவில் கண்விழித்திருந்தவனின் நெஞ்சைக் காணவில்லை. அந்த நெஞ்சைக் காட்டுவது நாவலின் வேலை. 1973இல் அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' வெளிவந்து, தண்ணிமுறிப்புக் காட்டோரத்து மனிதர் தம் சொந்தப் பேச்சோடு அச்சில் உலவியபோதுதான் அந்தக் குறை தீரத் தொடங்கியது.

இவற்றையெல்லாம் முதல் மூன்று வாரங்களில் உற்சாகத்தோடு சொல்லி வந்தேன். மாணவரும் உற்சாகமாகவே கேட்டனர். விருந்தினர்முன் கோலாக் கொட்டையை உடைத்துப் பகிரும் வழக்கத்தைப் படித்ததும் வெற்றிலைத் தட்டம் என்றான் ஒருவன். கொடியோட்டி வளர்க்கும் அவர்களின் கிழங்கு நம் இராசவள்ளிக்கு உறவு என்று நான் சொன்னபோது, சேனைப் பயிரில் பழகிய குடும்பத்துப் பையன் கொம்பு நடும் பக்குவத்தை எனக்கே விளக்கினான். முகமூடியணிந்து நீதி வழங்கும் முன்னோரின் ஆவிகளை வாசித்தபோது, கோயிலில் உரு வந்து ஆடுபவரின் முன் தாங்கள் நடுங்கி நின்றதை நினைத்துக்கொண்டார்கள். ஆபிரிக்கா எங்கள் படலைக்கு வெளியே நிற்பது போல் இருந்தது. வெள்ளையன் வருமுன் எல்லாம் ஒழுங்காய் இருந்தது, அவன் வந்தான், குலைந்தது என்ற பாடத்தை நான் மெல்ல மெல்லக் கட்டிக்கொண்டு வந்தேன்.

அச்செபே அவ்வாறு எழுதவில்லை. இரட்டைக் குழந்தைகளைக் காட்டில் எறியும் வழக்கத்தை அவர் மறைக்கவில்லை. ஒக்கோங்வோவைத் தந்தையென அழைத்து மூன்றாண்டு அவன் வீட்டில் வளர்ந்த இக்கெமெபூனா என்னும் பிள்ளையைத் தெய்வ வாக்கின்படி கொல்லக் கொண்டுபோகிறார்கள். ஊரின் மூத்தவர் தடுத்தும் கேளாது, கோழை என்ற பெயருக்கு அஞ்சி, ஒக்கோங்வோ தன் கையாலேயே வெட்டுகிறான். அவன் மகன் நுவோயே பின்னர் தேவாலயத்தை நாடுவதற்கு அந்தக் கொலையும் காட்டில் அழுத இரட்டைக் குழந்தைகளின் குரலுமே காரணம்; வேதத் தருக்கம் அன்று. ஊருக்குள்ளேயே கேட்கப்படாத கேள்விகள் இருந்தன. அவற்றோடு திரிந்தவர்களுக்குத்தான் முதலில் தேவாலயக் கதவு கதவாய்த் தெரிந்தது.

அவர்களுள் ஓசு என்பாரும் உளர். தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்ட வழியினர், தலைமயிர் கத்தரிக்கலாகாது, ஊர்க்கூட்டத்தில் இருக்கலாகாது, மற்றையோரை மணக்கலாகாது, இறந்தால் ஊர் ஒதுக்கிய பேய்க்காட்டிலேயே புதைகுழி. அந்த அத்தியாயம் முடிந்ததும், அதுவரை அதிகம் பேசாத மாணவி ஒருத்தி கேட்டாள்:

"ஓசு எண்டவை எங்கட ஊரில ஆர், சேர்?"

ஆசிரியனுக்குரிய விடை என்னிடம் ஆயத்தமாக இருந்தது. கிழக்கு நைஜீரியாவில் ஓசு முறையைச் சட்டம் 1956இல் ஒழித்தது என்றும், இலங்கையில் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் மறு ஆண்டிலேயே, 1957இல், வந்தது என்றும் சொன்னேன். சட்டம் வந்து பதினோராண்டு கழிந்தும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் மக்கள் போராட வேண்டியிருந்ததையும் சொன்னேன். வன்னியில் அத்தனை இறுக்கம் இல்லை என்றும், நாம் வழக்கமாகச் சொல்லிக்கொள்வதைச் சேர்த்துக்கொண்டேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். பின்பு சொன்னாள்: "எங்கட அம்மாயி எழுபத்தேழில மலையகத்தில இருந்து வந்தவ. அப்ப கிணத்தில அள்ள விடேல்லையாம், சேர். மேல நிண்டு கையில வார்த்துத்தான் விட்டவையாம்."

விறாந்தையில் ஒருவரும் பேசவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்ட மலைநாட்டுத் தமிழருள் பலர், 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறினர் என்பது வரலாறு. அவ்வரலாற்றை நான் பலமுறை கற்பித்திருக்கிறேன். வந்தவர்களுக்கு நாம் வைத்த பெயரையும், வார்த்த தண்ணீரையும் ஒருபோதும் கற்பித்ததில்லை. அப்போது நான் சிறுவன். எங்கள் வீட்டுக் கிணற்றடியில், கைகளைக் குவித்துக் குனிந்து நின்றவர்களுக்கு, என் தாயார் வாளியை உயர்த்திப் பிடித்துத் தண்ணீர் வார்த்தது என் கண்ணில் நிற்கிறது. இரக்கத்தோடுதான் வார்த்தார். ஆனால் வாளியைக் கையிற் கொடுக்கவில்லை.

இதனை நான் அன்றே அவர்களிடம் சொன்னேன். சொல்லாமல் அந்த நாவலைத் தொடர்ந்து கற்பிக்க என்னால் இயலாதிருந்தது.

அச்செபே 1960இல் எழுதிய அடுத்த நாவலில், இதே நுவோயே முதியவராக, ஐசாக் என்ற ஞானஸ்நானப் பெயரோடு வருகிறார். ஊரின் கொடுமை பொறாது தேவாலயம் புகுந்த அதே மனிதர், தம் மகன் ஓசுப் பெண்ணொருத்தியை மணக்க விரும்பியபோது மறுத்துவிடுகிறார். ஆட்சியும் மதமும் மாறியும் கிணற்றடி மாறவில்லை. சமயத் தொண்டரின் மகனாய்ப் பிறந்த எழுத்தாளர் தம் சொந்த வீட்டு வாசலை நோக்கியே இக்கேள்வியை எழுப்பினார் என்பதை மாணவர் உணர்ந்தனர். ஆணையாளனின் பந்திக்குத் தக்க மறுமொழி புகழ்ச்சிப் பந்தி அன்று, முழு உண்மை. தன் ஊரின் குறையை மறைத்து எழுதியிருந்தால் அச்செபேயும் எதிர்ப்பக்கத்து ஆணையாளனாகவே ஆகியிருப்பார்.

ஆதலால் அவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தேன். கையேட்டில் இல்லாத ஒன்றைத் தத்தம் ஊரைப் பற்றி ஒரு பந்தி எழுதி வருக என்றேன். காலமும் அதிகமில்லை. 2008, 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் ஊரே பெயர்ந்து, பின்னர் மீண்டபோது, வயலின் பெயரும் வாய்க்காலின் பெயரும் அறிந்த முதியோர் பலர் மீளவில்லை. இருப்போரும் தளர்ந்துவிட்டனர்.

மறு சனிக்கிழமை மற்றவர்கள் ஒவ்வொரு பந்தியோடு வந்தார்கள். அந்தப் பெண் நான்கு தாள்களோடு வந்தாள். பந்திக்குள் அடங்கவில்லை என்று மன்னிப்புக் கேட்டாள். தண்ணீர் வார்த்தவர்களைப் பற்றி எழுதியிருந்தாள். முதல் மாரியில் விதைநெல் கடனாகக் கொடுத்து, அறுவடையில் திரும்பப் பெறாத ஒருவரைப் பற்றியும் எழுதியிருந்தாள். இரண்டுக்கும் ஒரே நிதானம், ஒரே கையெழுத்து. அதை உரக்க வாசிக்கும்படி கேட்டேன். வாசித்தாள். வாளியைப் பற்றிய இடத்தில் என்னைப் பார்க்காமலே வாசித்தாள்.

அடுத்த வாரம் நாவலின் கடைசி அத்தியாயத்தை மீண்டும் எடுக்கவிருக்கிறோம். ஆணையாளனின் பந்தியை இம்முறை அவளே விளக்குவாள்.