ஞாயிறு தந்த இருள்

2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை. கதிரவன் மேலேறிக் கொண்டிருந்த முற்பகல் வேளையிலே இலங்கை முழுவதும் மின்சாரம் அற்றுப்போயிற்று. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்கருவியைத் தீண்டியதே காரணம் எனக் கூறப்பட்டது. கேட்டவர் நகைத்தனர். ஆயினும், ஒரு குரங்கு ஒரு நாட்டையே இருளில் ஆழ்த்துதல் எங்ஙனம் இயலும்?

நெல்லைக் குதிரில் இட்டு வைப்பது போல மின்சாரத்தைக் கம்பிகளில் இட்டு வைத்தல் இயலாது. ஒவ்வொரு கணமும் ஆக்கமும் செலவும் சமமாக இருத்தல் வேண்டும். அச்சமநிலையைக் காட்டுவது அலைவெண். நம் நாட்டில் அது செக்கனுக்கு 50. லக்ஷபானவில் நீரினாலும் நுரைச்சோலையில் நிலக்கரியினாலும் சுழலும் பாரமான இயந்திரங்களே அதனைத் தாங்கி நிற்பவை. மிதிப்பதை நிறுத்திய பின்னும் துவிச்சக்கர வண்டி சற்றுத் தூரம் உருளுமன்றோ? அதுபோல, திடீர்க் குறைவு நேரும்போது இவை சில செக்கன்கள் தாங்கும்; அதற்குள் ஏனைய நிலையங்கள் உதவிக்கு வந்துவிடும். கூரைமேல் உள்ள சூரியத் தகடுகளிலோ சுழலும் பாரம் எதுவுமில்லை.

அன்று விடுமுறை நாளாதலின் மின்தேவை குறைவு, வெயிலோ மிகுதி. நாட்டு மின்சாரத்தின் ஏறக்குறையப் பாதி சூரிய ஒளியிலிருந்தே வந்து கொண்டிருந்தது. தாங்குவதற்குரிய சக்கரங்கள் சிலவாகவே, சிறு தடுமாற்றம் பெருவீழ்ச்சியாயிற்று. நுரைச்சோலை இயந்திரங்களும் நின்றமையால் அடுத்த நாள்களிலும் மின்வெட்டு நீடித்தது.

அவ்வாண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், ஏப்ரல் 13 முதல் 21 வரை, பிற்பகல் 3 மணிவரை கூரைத் தகடுகளை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை வேண்டிக்கொண்டது. கடன்பட்டுத் தகடு பதித்த குடும்பத்தினர்க்கு அது மனவருத்தம் தந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. நண்பகலில் மிஞ்சும் மின்சாரம், விளக்கேற்றும் வேளையில் கிடைப்பதில்லை என்பதே இதிலுள்ள இடர்.

இதற்காகச் சூரியனை ஒதுக்கிவிடலாமா? கூடாது. எண்ணெயும் நிலக்கரியும் கடல்கடந்து வருபவை. வெயிலும் காற்றும் நம்முடையவை. 2030ஆம் ஆண்டளவில் மின்சாரத்தின் நூற்றுக்கு 70 பங்கினைப் புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து பெறுதல் நாட்டின் குறிக்கோள். அதற்குத் தகடுகள் மட்டும் போதா. பகலில் மிஞ்சுவதைச் சேமிக்கும் பெரிய மின்கலங்களும், நீரை மேலேற்றி வைத்து இரவில் இறக்கும் நீர்த்தேக்கங்களும் வேண்டும். மன்னாரில் சுழலும் 30 காற்றாலைகள் போன்றவை பெருகுமாயின், அம்மின்சாரத்தைத் தெற்கே கொண்டுசெல்லும் வலிய கம்பிவழிகளும் வேண்டும்.

நம் வீட்டிற்கும் இதில் ஒரு பங்குண்டு. நீர் இறைத்தலையும் துணி அழுத்துதலையும் இரவுக்கு ஒத்திவையாது நண்பகலிற் செய்வோமாயின், அச்சமநிலைக்கு நாமும் ஒரு கை கொடுத்தவராவோம்.