விதைக்குமுன் சணப்பை விதையைச் சோதிப்பது எங்கே?

நெல் நடவுக்கு முன் சணப்பையை விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவது நிலத்திற்குத் தழைச்சத்து சேர்க்கும் எளிய வழியாகும். விதைத்த 45 முதல் 60 நாட்களில் ஹெக்டேருக்கு 13 முதல் 15 டன் வரை பசுந்தழை கிடைக்கும். விதை சரியாக முளைக்காவிட்டால், கொடுத்த பணத்தைவிடப் பெரிய இழப்பு அந்த 45 நாட்களே. நெல் நாற்று அதுவரை காத்திராது.

ஹெக்டேருக்கு 30 கிலோ விதைப்பதாகக் கொள்வோம். முளைப்புத்திறன் 80 சதவீதம் எனில் 24 கிலோ விதை பயன்படும். 40 சதவீதமே எனில் 12 கிலோதான் முளைக்கும். மீதி இடத்தைக் களை பிடித்துக்கொள்ளும். சான்று பெற்ற சணப்பை விதையில் குறைந்தது 80 சதவீத முளைப்புத்திறனும் 98 சதவீதப் புறத்தூய்மையும் இருத்தல் வேண்டும். ஈரப்பதம் 9 சதவீதத்திற்கு மேல் போகக்கூடாது.

எந்த நிலையம்?

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய கிராமத்தினர், அருகில் ஏதாவது சோதனைக்கூடம் இருந்தால் போதும் என எண்ணுவதுண்டு. தொழிற்சாலைகளுக்காக நீர், கழிவுநீர், உலோகம் ஆகியவற்றைச் சோதிக்கும் கூடங்கள் வேறு. விதைச் சோதனை வேறு. விதைக்கு, 1966ஆம் ஆண்டு விதைச் சட்டத்தின்கீழ் அரசு அறிவிக்கை செய்த விதைப் பரிசோதனை நிலையத்தையே நாட வேண்டும். மாவட்டத் தலைநகரான திருவள்ளூரில் உள்ள நிலையத்தை அணுகலாம். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலும் வழி கேட்டறியலாம்.

'ஹெம்ப்' என்ற சொல்லால் குழப்பம் வேண்டாம். சணப்பை பயறு வகைச் செடி. கஞ்சா இனச் சணல் வேறு பயிர். அதை உரிமமின்றிப் பயிரிடுவது 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும்.

மாதிரி எடுக்கும் முறை

மூட்டையின் மேல், நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலும் விதை எடுத்து ஒன்றாகக் கலக்க வேண்டும். முழுச் சோதனைக்கு 700 கிராம் தேவை. துணிப்பையில் கட்டி, பயிர், ரகம், குவியல் எண், அனுப்புவோர் முகவரி ஆகியவற்றை எழுதிய சீட்டை உள்ளே வைக்க வேண்டும். நிலையத்தில் 400 விதைகளை முளைக்க வைத்து, பத்தாம் நாள் இறுதிக் கணக்கு எடுப்பர். ஆகவே விதைப்புக்கு ஒரு மாதம் முன்பே மாதிரியை அனுப்புதல் நன்று.

எது வழக்குக்கு உதவும்?

விவசாயி தாமே அனுப்புவது 'பணி விதை மாதிரி' எனப்படும். அதன் முடிவு அவர் அறிந்துகொள்வதற்கே. விற்பனையாளர்மீது சட்ட நடவடிக்கை வேண்டுமெனில் விதை ஆய்வாளரிடம் புகார் செய்ய வேண்டும். அவர் முறைப்படி மாதிரி எடுத்து, மூன்று பங்காக்கி முத்திரையிடுவார். ஒரு பங்கு விற்பனையாளரிடம் தரப்படும்; ஒன்று சோதனைக்குச் செல்லும்; மற்றொன்று பாதுகாக்கப்படும்.

நட்டஈடு கோரும் விவசாயி நுகர்வோரே என்றும், சோதனைக்காக அவர் விதையை மிச்சம் வைத்திருக்க வேண்டும் என எதிர்பார்க்க முடியாது என்றும் 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் விற்பனை ரசீது, பையிலுள்ள அட்டை, ஒரு பிடி விதை ஆகியவற்றைப் பயிர் முடியும்வரை பத்திரப்படுத்துவது நல்லது. உரிமம் பெற்ற கடைக்காரர் ரசீது தரக் கடமைப்பட்டவர். கேட்டு வாங்கத் தயங்க வேண்டாம்.

அவசரமாயின், 100 விதைகளை எண்ணி ஈரச் சாக்கில் பரப்பிச் சுருட்டி, ஈரம் காயாமல் நிழலில் வைக்கவும். பத்தாம் நாள் 80க்குக் குறைவாக நல்ல முளைகள் இருந்தால் அந்த விதையை நிலத்தில் இறக்காமல், ரசீதுடன் கடைக்காரரிடம் திருப்பிக் கொண்டு செல்வதே முறை.